மோன்மார்த்ரில் மூன்று மணி நேரம்: வாடகைக்குத் திண்டாடிய ஓவியர்களின் தெருக்களில் ஒரு நடை

பாரிஸுக்கு யார் வந்தாலும், சென்னையிலிருந்து மாமியார் வந்தாலும் சரி, லண்டனிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்தாலும் சரி, மோன்மார்த்ர் மலைக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டில் என் வேலை. முதல் சில தடவை எல்லோரையும் போல ஆன்வேர் மெட்ரோவில் இறங்கினோம். சாவிக்கொத்தும் ஈஃபில் கோபுர பொம்மையும் விற்கும் தெருவில் இடிபட்டு, சாக்ரே-கேர் என்ற வெள்ளைத் தேவாலயத்துக்கு முன்னால் படம் எடுத்து, மேலே ஒரு சதுக்கத்தில் காப்பிக்குக் காசை அழுதுவிட்டு இறங்கி வந்தோம். வரும் வழியில் மாமியார் கேட்டார்: "ஓவியருங்க இருந்த இடம்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, எங்கே இருந்தாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்து, தெருத்தெருவாக நடந்து பார்த்து அமைத்துக்கொண்ட வழி இது. மூன்று கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மேடும் படியும் கல் பாவிய தெருவுமாக இருப்பதால் மூன்று மணி நேரம் வையுங்கள்.

கிளம்பும் முன் ஒன்று. இந்த மலைக்கு ஓவியர்கள் அழகைத் தேடி வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தால் பாதி விஷயம் பிடிபடாது. 1860 வரை மோன்மார்த்ர் பாரிஸுக்கு வெளியே இருந்த கிராமம். ஊர் எல்லையில் சுங்கச் சுவர். அதைத் தாண்டி உள்ளே போகும் ஒயினுக்கு வரி. வெளியே வரி இல்லை என்பதால் மலையடிவாரம் முழுக்க மதுக்கடையும் ஆட்டபாட்டமும். மேலே காற்றாலை, திராட்சைத் தோட்டம், ஜிப்சம் வெட்டும் சுரங்கம். பாரிஸோடு சேர்த்த பிறகும் உச்சிப் பகுதி பல வருடம் கிராமமாகவே கிடந்தது, வாடகையும் கிராமத்து வாடகை. கையில் காசில்லாத ஓவியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு இடத்திலும் நின்று "இங்கே யார், எப்படி வாடகை கொடுத்தான்" என்று கேட்டுப் பாருங்கள், மலை வேறு மாதிரி தெரியும்.

வழிகாட்டி தேவையா?

இரண்டு மணி நேரம் கூட்டிப்போய்க் கடைசியில் விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லும் நடைகள் இங்கே நிறைய. நல்லவையும் உண்டு. நான் ஒரு முறை போனதில் முப்பது பேருக்கு மேல் கூட்டம், பின்னால் நின்ற எங்களுக்கு வழிகாட்டியின் குடை மட்டும்தான் தெரிந்தது. பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: கூட்டத்தில் எத்தனை பேர்? மலையின் வடக்குப் பக்கம், அதாவது திராட்சைத் தோட்டப் பக்கம், இறங்குவீர்களா? பன்னிரண்டு பேருக்கு மேல் என்றாலோ, சதுக்கத்தோடு திரும்பிவிடுவோம் என்றாலோ விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நீங்களே போகலாம்.

காலை எட்டரைக்குக் கிளம்புங்கள். பதினொன்றுக்கு மேல் உச்சியில் கால் வைக்க இடமிருக்காது. தேய்ந்த செருப்பு வேண்டாம், மழை நாளில் அந்தக் கற்கள் வழுக்கும். தள்ளுவண்டிக் குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ கூட இருந்தால் 40ஆம் எண் பேருந்து மலையின் சின்னத் தெருக்களில் வளைந்து வளைந்து ஏறும், அவர்களை அதில் ஏற்றி மேலே சந்திக்கலாம். என் மாமியார் இப்போது அதில்தான் வருகிறார்.

1. பிளான்ஷ் மெட்ரோ

2ஆம் எண் மெட்ரோவில் பிளான்ஷில் இறங்குங்கள். பிளான்ஷ் என்றால் வெள்ளை. மலையிலிருந்து ஜிப்சம் தூள் ஏற்றி வந்த வண்டிகள் சிந்திச் சிந்தி இந்த இடமே வெளுத்துக் கிடந்ததால் வந்த பெயர். கை உடைந்தால் மாவுக்கட்டு போடுகிறோமே, அந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இந்த மலையின் வயிற்றிலிருந்தும் போனதுதான். வெள்ளையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

எதிரே சிவப்புக் காற்றாலையோடு மூலான் ரூஷ். 1889இல் திறந்த கேளிக்கை விடுதி. ஒருநாளும் மாவு அரைக்காத, அலங்காரத்துக்கு வைத்த ஆலை. ஓவியர் துலூஸ்-லோத்ரெக் 1891இல் வரைந்த விளம்பரச் சுவரொட்டிதான் இதைப் பாரிஸ் முழுக்கக் கொண்டுபோனது. அவர் பிரபு குடும்பத்துப் பிள்ளை, வாடகைக் கவலை இல்லாத விதிவிலக்கு. 2024 ஏப்ரலில் ஒரு ராத்திரி அந்தக் காற்றாலையின் இறக்கைகள் கழன்று விழுந்து, கோடைக்குள் திரும்ப மாட்டினார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

2. லெப்பிக் தெரு

மூலான் ரூஷுக்குப் பக்கத்திலேயே ஏறும் தெரு. கீழ்ப்பாதி கறிக்கடை, பாலாடைக்கட்டிக் கடை, பழக்கடை. ஊர்க்காரர்கள் பையோடு வாங்க வரும் தெரு என்பதால் எனக்குப் பிடிக்கும். அபெஸ் தெருவைத் தாண்டி வளைவில் ஏறினால் 54ஆம் எண் வீடு. தம்பி தியோவின் வீட்டில் வின்சென்ட் வான் கோ 1886 முதல் 1888 தொடக்கம் வரை தங்கினார். வாடகை கொடுத்தது தம்பி. அண்ணன் படம் அநேகமாக விற்கவேயில்லை, ஆனால் பாரிஸில் இருந்த இரண்டு வருடத்தில் இருநூறுக்கு மேல் வரைந்தார். அவருடைய இருண்ட பழுப்பு நிறங்கள் வெளிச்சமானது இங்கேதான். உள்ளே விடமாட்டார்கள், கதவுக்குப் பக்கத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இந்த ஏற்றத்தில் நடந்தது. 1898 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு லூயி ரெனோ என்ற இளைஞன் தான் செய்த காரை இதில் ஏற்றிக் காட்ட, அன்றைக்கே 12 பேர் கார் கேட்டார்கள். ரெனோ கம்பெனி அப்படித் தொடங்கியது.

3. பத்தோ-லவுவார்

அபெஸ் தெருவுக்குத் திரும்பி வந்து, இடப்பக்கம் ரவிஞான் தெருவில் ஏறுங்கள். (ஏறும் முன் இரண்டு நிமிடம் நேரே நடந்தால் அபெஸ் சதுக்கம் வரும். கண்ணாடிக் கூரை போட்ட பழைய மெட்ரோ வாசல் அங்கே அழகு, பாரிஸ் நகர எல்லைக்குள் ஆழமான மெட்ரோ நிலையம், 36 மீட்டர். பக்கத்துப் பூங்காவில் நீல ஓடுகள் பதித்த சுவரில் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதை 250 மொழிகளில் எழுதியிருப்பார்கள். நம் ஆட்கள் யார் வந்தாலும் படம் எடுப்பதற்கு முன் நம் எழுத்தைத் தேடிச் சண்டை போடுவார்கள்.)

ரவிஞான் தெரு முடியும் இடத்தில் மரங்கள் சூழ்ந்த சின்னச் சதுக்கம், எமில் கூதோ. அங்கே 13ஆம் எண், தாழ்ந்த முகப்பு, கண்ணாடிக்குப் பின்னால் பழைய படங்கள். இதற்காகவா ஏறி வந்தோம் என்று தோன்றும். கொஞ்சம் உட்காருங்கள்.

முன்பக்கம் ஒற்றை மாடிபோலத் தெரியும், பின்பக்கம் சரிவில் பல மாடி கீழே இறங்கும். மரப்பலகைச் சுவர், நடந்தால் முனகும் தரை, மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். சேன் நதியில் வண்ணாத்திகள் துணி துவைத்த படகுகளுக்குப் பத்தோ-லவுவார் என்று பெயர். அதுபோல ஆடுகிறது என்று கவிஞர் மாக்ஸ் ஜகோப் கேலியாக வைத்ததுதான் இந்த வீட்டின் பெயராக நின்றுவிட்டது. 1904இல் இங்கே குடிவந்த ஸ்பெயின்காரப் பையனுக்கு வயது 22, பெயர் பாப்லோ பிக்காசோ. குளிர்காலத்தில் கோப்பையில் மிச்சம் வைத்த தேநீர் விடிவதற்குள் உறைந்துபோகும் என்று அப்போது அவரோடு வாழ்ந்த ஃபெர்னாந்த் ஒலிவியே எழுதியிருக்கிறார். அந்த அறையில்தான் 1907இல் 'அவிஞோன் பெண்கள்' படம் பிறந்தது. ஐந்து பெண்கள், உடைந்த கண்ணாடிபோலக் கோணலான உடல்கள், இரண்டு பேருக்கு முகமூடி முகம். பார்த்த நண்பர்களுக்கே பிடிக்கவில்லை. வருடக்கணக்கில் வெளியே காட்டாமல் வைத்திருந்தார். இன்று நியூயார்க்கில் அதன் முன்னால் கூட்டம் நிற்கிறது. 1909இல் கொஞ்சம் காசு வந்ததும் மலையை விட்டு இறங்கிவிட்டார். சம்பாதித்தவன் மலையில் தங்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

1970 மே மாதத்தில் தீப்பிடித்து மரவீடு எரிந்துபோனது. தப்பியது இந்த முகப்பு மட்டும். பின்னால் இருப்பது 1978இல் கட்டியது. ஆனால் உள்ளே இப்போதும் ஓவியக் கூடங்கள்தான். இதை அடுக்குமாடி வீடாக்கி விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று மச்சான் கணக்குப் போட்டான். போடத்தான் செய்வான், வங்கிக்காரன்.

4. காற்றாலைகள்

சதுக்கத்துக்குமேல் ஓர்ஷான் தெரு, குறுகலாக வளைந்து திரும்பவும் லெப்பிக்கில் விடும். அங்கே நிமிர்ந்து பார்த்தால் காற்றாலை. ஒரு காலத்தில் மலை முழுக்க இருந்தவற்றில் மிஞ்சியது இரண்டுதான், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஆலைக்காரக் குடும்பம் மாவரைத்து, அதில் கலெத் என்ற ரொட்டி சுட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நடன மேடையும் போட்டது. அதுதான் மூலான் த லா கலெத். 1876இல் ஓவியர் ரெனுவார் இங்கே ஆடிய தையல்காரிகளையும் கடைப் பெண்களையும் வரைந்த பெரிய படம் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே வருவதற்கு முந்தைய நாள் அதைப் பார்த்துவிட்டால், இலைகளுக்கு நடுவே முகங்களில் விழும் வெயில் துண்டுகளை இதே மரங்களடியில் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

அங்கிருந்து ஜிரார்தோன் தெருவில் ஒரு நிமிடம் நடந்தால் சுவருக்குள்ளிருந்து பாதி உடலோடு வெளியே வரும் மனிதன் சிலை. எழுத்தாளர் மார்செல் எமே இந்த மூலையில் வாழ்ந்தவர், அவர் கதையில் சுவர் ஊடுருவிப் போகும் குமாஸ்தா இவர்; செய்தது நடிகர் ஜான் மாரே. எல்லோரும் பிடித்திழுத்து அவர் கை மட்டும் பளபளக்கும். பிள்ளைகள் இருந்தால் பத்து நிமிடம் இங்கேயே போகும்.

5. வடக்குப் பக்கம்

இனிமேல் வருவதுதான் நான் உங்களை முக்கியமாகக் கூட்டிவர நினைத்த இடம். அதே தெருவில் மேலே போனால் பாடகி தாலிதாவின் மார்பளவுச் சிலை. அங்கே வலப்பக்கம் திரும்பினால் அப்ரெவுவார் தெரு, குதிரைகளைத் தண்ணீர் குடிக்கக் கூட்டிப்போன பாதை. கல் பாவிய வளைவு, தூரத்தில் வெள்ளைக் கோபுரம், முனையில் ரோஜா நிற வீடு. காலை ஒன்பதரைக்கு உங்களையும் ஒரு பூனையையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். பதினொன்றரைக்கு அதே இடத்தில் படம் எடுக்க வரிசை.

முனையில் இடப்பக்கம் சோல் தெருவில் இறங்குங்கள். வலது கையில் வேலிக்குள் திராட்சைத் தோட்டம். பழங்காலத்தது என்று நினைக்க வைக்கும், இல்லை. அந்தக் காலி மனையில் கட்டடம் எழாமல் தடுக்க 1933இல் ஊர்க்காரர்கள் நட்டது. சரிவு வடக்குப் பார்த்தது, திராட்சைக்கு அவ்வளவு நல்லதில்லை. ஒயின் பற்றிப் பெருமையாகச் சொல்பவர்களும் வாங்குவது பெரும்பாலும் நினைவுக்காகத்தான். அக்டோபரில் அறுவடைத் திருவிழா, அப்போது வந்தால் கூட்டம்.

எதிரே வேலியோடு சின்னக் குடிசைபோல ஒரு வீடு, லப்பேன் அஜில் பாட்டு விடுதி. ஆந்த்ரே ஜில் என்ற கேலிச்சித்திரக்காரர் சட்டியிலிருந்து தாவும் முயல் ஒன்றைப் பெயர்ப்பலகைக்கு வரைந்தார். 'ஜில்லின் முயல்' என்று சொல்லிச் சொல்லி 'சுறுசுறுப்பான முயல்' ஆகிவிட்டது, பிரெஞ்சில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். இடிக்க இருந்ததைப் பாடகர் அரிஸ்தித் புருவான் வாங்கிக் காப்பாற்றினார். நடத்தியவர் ஃப்ரேதே, தாடியும் கிதாருமாக, கூடவே லோலோ என்ற கழுதை. பிக்காசோ 1905இல் இந்த விடுதியில் தன்னையே கோமாளி உடையில் இருப்பதாக வரைந்து ஃப்ரேதேவுக்குக் கொடுத்தார், அது சில வருடம் இந்தச் சுவரில் தொங்கியது. பிறகு விற்றுவிட்டார்கள், 1989இல் அது ஏலம் போன தொகை நாலு கோடி டாலருக்கு மேல்.

லோலோவின் கதையைச் சொல்லாமல் இங்கிருந்து யாரையும் நகரவிடமாட்டேன். புது ஓவியர்கள் எதையெதையோ கிறுக்குகிறார்கள் என்று எழுத்தாளர் ரோலான் தோர்ஜெலெஸுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் எரிச்சல். 1910இல் லோலோவின் வாலில் தூரிகையைக் கட்டினார்கள், பின்னால் கித்தானை வைத்தார்கள், கழுதைக்குத் தின்ன ஏதாவது கொடுக்கக் கொடுக்க அது மகிழ்ச்சியில் வாலை ஆட்டும், படம் வளரும். பின்னால் யாரும் மறுக்கக் கூடாதென்று ஒரு நீதிமன்ற அலுவலரைக் கூட்டிவந்து சாட்சிப் பத்திரமும் எழுதி வாங்கினார்கள். 'ஏட்ரியாட்டிக் மேல் சூரியன் உறங்கியது' என்று தலைப்பு. ஓவியர் பெயர் ஜோக்கிம்-ரஃபேல் பொரோனலி, இத்தாலியர். பழைய பிரெஞ்சுக் கதைகளில் கழுதைக்கு அலிபொரோன் என்று பெயர், எழுத்தை மாற்றிப் போட்டால் பொரோனலி. படம் சுயேச்சை ஓவியர் கண்காட்சியில் தொங்கியது, ஆட்கள் வந்து பார்த்தார்கள், விலையும் போனது. அப்புறம் தோர்ஜெலெஸ் பத்திரிகை அலுவலகத்துக்குப் பத்திரத்தோடு போய் உண்மையை உடைத்தார். எனக்கு ஒரு நெருடல் உண்டு: புது ஓவியத்தைக் கேலி செய்யச் செய்த வேலை அது, ஆனால் கேலி செய்தவர்களின் பெயர் இன்று நினைவில் நிற்பதே லோலோவின் வாலால்தான்.

6. கொர்த்தோ தெரு

வந்த வழியே ஏறி இடப்பக்கம் திரும்புங்கள். 12ஆம் எண், மோன்மார்த்ர் அருங்காட்சியகம், பத்து மணிக்குத் திறக்கும். டிக்கெட் உண்டு, இந்த நடையில் காசு கொடுத்து நுழைய வேண்டிய ஒரே இடம் இதுதான், யோசிக்காமல் கொடுங்கள். 1876இல் ரெனுவார் வாடகைக்கு இருந்து அந்த நடனப் படத்தை வரைந்த வீடு. தோட்டத்திலிருந்து திராட்சைச் சரிவு கீழே தெரியும், கழிப்பறையும் உண்டு, முதியவர்களோடு வருபவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

நான் வருவது சுசான் வலதோனுக்காக. 1865இல் பிறந்தவள், அம்மா துணி துவைத்துப் பிழைத்தவள், அப்பா யாரென்று தெரியாது. சின்ன வயதிலேயே வேலை, பிறகு சர்க்கஸ், அதில் விழுந்து அடிபட்டதும் ஓவியர்களுக்கு முன்னால் நின்று காட்டும் வேலை. ரெனுவாரின் 'பூஜிவாலில் நடனம்' படத்தில் சிவப்புத் தொப்பியோடு ஆடுபவள் இவள்தான். மணிக்கணக்கில் அசையாமல் நின்றபடி அவர்கள் எப்படி வரைகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள், எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. ஓவியர் தெகா அவள் கோட்டோவியங்களைப் பார்த்து வியந்து வாங்கினார். தன்னை நிற்கவைத்து வரைந்த ஆண்களைப்போல மெழுகிப் பூசாமல், பெண் உடலை மடிப்போடும் களைப்போடும் வரைந்தாள். வயதான தன் உடலையும் அப்படியே. கணவர் மகனுடைய நண்பன், அவளைவிட 21 வயது இளையவன், ஊர் பேசாமல் இருக்குமா?

மகன் மோரீஸ் உத்ரியோ, சின்ன வயதிலேயே குடி. கையை வேலையில் வைத்தால் குடியை மறப்பான் என்று தூரிகையைக் கொடுத்தது அம்மா. குடி விடவில்லை, ஓவியம் வந்தது. இந்தத் தெருக்களைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தான், பல சமயம் தபால் அட்டைகளைப் பார்த்தே. சுவர்களின் வெள்ளை சரியாக வர வண்ணத்தில் பிளாஸ்டரையே கலந்தான். பிளான்ஷில் சொன்ன வெள்ளை இதுதான். மேல்மாடியில் அம்மா, மகன், கணவர் மூவரும் இருந்த கூடத்தை 2014இல் திருத்தி அமைத்திருக்கிறார்கள்: பெரிய சன்னல், அடுப்பு, பக்கத்தில் மகன் ஓடிவிடாதபடி கம்பி போட்ட சின்ன அறை. அங்கே என் மாமியார் வெகுநேரம் நின்றார். "பாவம் அந்தம்மா" என்றார், ஓவியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து 6ஆம் எண்ணைப் பாருங்கள். இசையமைப்பாளர் எரிக் சாத்தி இங்கே அலமாரி அளவு அறையில் இருந்தார். 1893இல் சில மாதம் சுசானோடு காதல், அவள் போனபின் அவர் வாழ்க்கையில் வேறு பெண் வந்ததாகத் தெரியவில்லை.

7. தெர்த்ர் சதுக்கம்

தெருக்கோடியில் வலப்பக்கம் நடந்தால் சத்தம் கேட்கும். இங்கே வரையும் ஓவியர்களுக்கு நகராட்சி அனுமதி உண்டு: ஒரு சதுர மீட்டர் இடம், இரண்டு பேர் மாறி மாறி. படம் வேண்டுமென்றால் உட்கார்ந்து வரைபவரிடம் போங்கள், மாதிரிகளைப் பாருங்கள், விலையை முதலிலேயே பேசுங்கள். கையில் அட்டையோடு சுற்றி வந்து 'உங்கள் முகம் அருமை' என்று ஆரம்பிப்பவரிடம் நிற்காதீர்கள். ஒரு முறை சித்தப்பா மரியாதைக்கு நின்றுவிட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு படமும் ஐம்பது யூரோ கேட்பும் வந்தது, படத்தில் இருந்தது யாரென்று இன்றுவரை குடும்பத்தில் தகராறு. சாப்பாடும் இங்கே வேண்டாம்.

8. வெள்ளைத் தேவாலயம், இறக்கம்

சாக்ரே-கேருக்கு முன்னால் அதன் நிழலில் சான் பியேர் என்ற சின்னக் கோயில், 1147இல் அருட்பொழிவு செய்தது, உள்ளே அமைதி. சாக்ரே-கேர் 1875இல் தொடங்கியது. சுரங்கம் தோண்டிப் பொள்ளலான மலை தாங்காதென்று முதலில் 83 கிணறுகளை முப்பது மீட்டருக்கு மேல் இறக்கிக் கல்லால் நிரப்ப வேண்டியிருந்தது. 1871இல் பாரிஸ் மக்கள் அரசை எதிர்த்து நகரைத் தாங்களே ஆள எழுந்த பாரிஸ் கம்யூன் எழுச்சி, இந்த மலையில் நின்ற பீரங்கிகளை அரசுப் படை பிடுங்க வந்ததில்தான் வெடித்தது, அதற்கு மேல் இந்தக் கோயிலைக் கட்டியதைப் பல பாரிஸ்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. கீழே இருக்கும் பூங்காவுக்கு இப்போது கம்யூன் போராளி லூயிஸ் மிஷேலின் பெயர்.

இறங்கும்போது கை இரண்டும் பைக்குள். படியடியில் நிற்பவர்கள் விரலில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள்; 'நோன்' என்று சொல்லிக்கொண்டே நடங்கள். கால் முடியாதவர்களுக்குப் பக்கத்தில் கம்பிவட ரயில் உண்டு.

9. பசிக்கு

ஆன்வேர் நிலையத்தில் ஏறாதீர்கள். இடப்பக்கம் பெருஞ்சாலையோடு பார்பெஸ் வரை நடந்து, தலைக்குமேல் ஓடும் மெட்ரோப் பாலத்தடியில் இன்னும் கொஞ்சம் போனால் லாச்சப்பல். வாழைப்பழத் தாறு, கறிவேப்பிலை, நகைக்கடை, புடவைக்கடை, தமிழ்ப் பலகைகள். 1980களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய தெருக்கள். அவர்களும் இந்த வட்டாரத்தில் ஒற்றை அறையில் நெருக்கியடித்துத்தான் தொடங்கினார்கள். பஜோல் தெருவில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயம் மோன்மார்த்ர் இருக்கும் அதே 18ஆம் வட்டாரம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் தேர் வரும் நாளில் சாலையில் தேங்காய் உடைத்துக் குவிந்திருக்கும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்கும். கொத்துரொட்டி சொல்லுங்கள், உறைப்பைக் குறைக்கச் சொல்வதானால் முதலிலேயே சொல்லுங்கள். சித்தப்பா அந்தப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் இங்கே சாப்பிட்டார். பரிமாறிய தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது உங்கட தம்பியோ?" என்று கேட்டான்.